‘முக்கியமான வகையில்’: நியூயார்க்கின் பரோல் மேற்பார்வைச் சேவை, ஒரு மதிப்புரை

மளிகைக் கடைக்கும் உணவகத்துக்கும் நட்சத்திரம் போட்டுப் பழகிய நமக்கு, பரோல் மேற்பார்வை என்னும் அரசுச் சேவையை மதிப்பிடலாம் என்பதே விசித்திரமாகத் தோன்றும். இதைப் பெறுகிறவர் விரும்பிப் பெறுவதில்லை, பிடிக்காவிட்டால் வேறிடம் தேடிப் போகவும் அவருக்கு வழியில்லை. ஆனாலும் வரிப்பணத்தில் நடக்கும் இச்சேவையை நான் பல ஆண்டுகள் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். நியூயார்க்குக்கு வருமுன், பெயர் சொல்ல விரும்பாத வேறொரு மாநிலத்தில், அரிசியும் புளியும் பருப்பும் இறக்குமதி செய்து கடைகளுக்கு அனுப்பும் ஒரு சிறு கிடங்கை என் மைத்துனருடன் சேர்ந்து நடத்திவந்தேன். மூட்டை தூக்க ஆள் கிடைக்காத ஊரில், சிறையிலிருந்து பரோலில் வந்தவர்களை வேலைக்கு வைத்துக்கொண்டோம். ஒன்பது ஆண்டுகளில் மூன்று பேர் அப்படி எங்களிடம் வேலை பார்த்தார்கள். அவர்களைத் தேடி வந்த பரோல் அதிகாரிகளோடு பேசியதில்தான் இச்சேவையின் உட்புறம் எனக்கு ஓரளவு தெரியவந்தது. ஆகவே இங்கே மதிப்பிடுவது ஒரு அதிகாரியை அன்று. நிபந்தனை மீறப்படும்போது என்ன செய்வது என்பதை முடிவுசெய்ய அந்த அதிகாரிக்குத் தரப்பட்டிருக்கும் விருப்புரிமையையே மதிப்பிடுகிறேன்.

முதலில் ஒரு சொல்விளக்கம் தேவைப்படுகிறது. தமிழ்நாட்டில் பரோல் என்றால் மகளின் திருமணத்துக்கோ தந்தையின் ஈமச்சடங்குக்கோ கைதியைச் சில நாள்கள் வெளியே விடும் விடுப்பு என்றே நாம் புரிந்துகொள்கிறோம். 1982ஆம் ஆண்டின் தண்டனை நிறுத்திவைப்பு விதிகளின்படி வழங்கப்படும் அந்த விடுப்பு முடிந்ததும் கைதி சிறைக்குத் திரும்பியாக வேண்டும். அமெரிக்கப் பரோல் அதற்கு நேர் எதிரானது. தண்டனையின் ஒரு பகுதியைச் சிறையில் கழித்தவர் எஞ்சிய பகுதியை வெளியே, ஓர் அதிகாரியின் கண்காணிப்பில், எழுதிக் கையெழுத்திட்ட நிபந்தனைகளுக்கு உட்பட்டுக் கழிக்கிறார். திரும்பாமலிருப்பதுதான் அங்கே நோக்கம். பிரெஞ்சு மொழியில் அச்சொல்லுக்கு வாக்கு என்று பொருள். கொடுத்த வாக்கை ஒருவர் காப்பாற்றினாரா என்பதை யார் சொல்வது என்னும் கேள்வி, இந்த ஏற்பாடு தொடங்கிய நாளிலிருந்தே அதனோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. அமெரிக்காவில் இது வேரூன்றிய இடமும் நியூயார்க் மாநிலம்தான்: 1876இல் திறக்கப்பட்ட எல்மைரா சீர்திருத்தச் சிறையில், செபுலன் பிராக்வே என்னும் கண்காணிப்பாளர், நன்னடத்தையால் தகுதி பெற்றவர்களை முன்கூட்டியே வெளியே விட்டுக் கண்காணிக்கும் முறையை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்.

சேவையின் அன்றாட வடிவம் எளிமையானது. வெளியே வந்த 24 மணி நேரத்துக்குள் அதிகாரியைச் சந்தித்துப் பதிவு செய்ய வேண்டும். அதன்பின் குறித்த நாளில் அலுவலகம் செல்ல வேண்டும், அனுமதியின்றி மாநில எல்லையைத் தாண்டக்கூடாது, வீடு மாறினாலோ வேலை மாறினாலோ தெரிவிக்க வேண்டும், அதிகாரி வீட்டுக்கு வந்தால் கதவைத் திறக்க வேண்டும், காவல்துறையினர் நிறுத்தி விசாரித்தால் அதையும் சொல்ல வேண்டும். இவற்றுக்குமேல், ஆளுக்கு ஏற்றபடி இரவு இத்தனை மணிக்குள் வீடடைய வேண்டும், மது தொடக்கூடாது, சிறுநீர்ச் சோதனைக்கு வர வேண்டும், சிகிச்சை வகுப்புக்குச் செல்ல வேண்டும் என்று சிறப்பு நிபந்தனைகள் சேரும். இவ்வளவையும் ஆண்டுக்கணக்கில் ஒன்றுகூடத் தவறாமல் கடைப்பிடிக்கக்கூடிய மனிதரை நான் இதுவரை சந்தித்ததில்லை. என்னிடமே இப்பட்டியலைக் கொடுத்திருந்தால் முதல் மாதத்தைத் தாண்டியிருக்க மாட்டேன். மீறல் நிகழ்வது ஏறத்தாழ உறுதி என்றான பிறகு, அதற்கு அதிகாரி எப்படி எதிர்வினை ஆற்றுகிறார் என்பதே சேவையின் தரத்தைத் தீர்மானிக்கிறது.

நியூயார்க்கின் சட்டம் இந்த இடத்தில் ஒரு சிறு சொற்றொடரை நம்பி நிற்கிறது. நிபந்தனையை ஒருவர் ‘முக்கியமான வகையில்’ மீறியிருக்க வேண்டும் என்கிறது அது. எது முக்கியம், எது முக்கியமில்லை என்பதற்கு அளவுகோல் எதையும் சட்டம் கையில் கொடுப்பதில்லை. இருபது நிமிடம் தாமதமாக வீடடைந்தது முக்கியமா, மூன்று முறை அப்படி நடந்தால் முக்கியமாகிவிடுமா, அந்த மூன்றாம் முறை அவர் பொய்க்காரணம் சொன்னார் என்றால் என்ன என்பனவற்றையெல்லாம் முதலில் எடைபோடுகிறவர் பரோல் அதிகாரிதான். அவர் கண்டும் காணாமலும் விடலாம்; வாயால் கண்டிக்கலாம்; மாதம் ஒருமுறை வந்தவரை வாரம் ஒருமுறை வரச்சொல்லலாம்; வீடடையும் நேரத்தை முன்னுக்குத் தள்ளலாம்; சிகிச்சைக்கு அனுப்பலாம்; மேலதிகாரியிடம் கொண்டுபோய்ப் பிடியாணை கேட்கலாம். பிடியாணைக்கு மேலதிகாரியின் ஒப்புதல் வேண்டும் என்பது ஒரு கடிவாளம். ஆனால் மேலதிகாரியின் மேசைக்கு வராத மீறல்களை அவர் பார்க்கவே முடியாது என்பதால், அந்தக் கடிவாளம் ஒரு பக்கம்தான் இழுக்கும்.

என் கிடங்கில் நடந்ததைச் சொன்னால் இது தெளிவாகும். முதலில் வந்தவருக்கு இரவு ஒன்பது மணிக்குள் வீடடைய வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. துறைமுகத்திலிருந்து வரும் கொள்கலன் லாரி நம் கடிகாரத்தை மதிப்பதில்லை. ஒருநாள் எட்டரைக்கு வந்து நின்றது, மூட்டைகளை இறக்கி முடிக்கும்போது மணி பத்தேகால். மறுநாள் காலையில் அவருடைய அதிகாரி, ஐம்பது வயதை நெருங்கிய ஒரு பெண்மணி, நேரே கிடங்குக்கு வந்தார். எங்கள் ஆளிடம் எதுவும் கேட்காமல் முதலில் என்னிடம் வேலைநேரப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தார், லாரிக்காரரின் ரசீதில் இருந்த நேரத்தைக் குறித்துக்கொண்டார், அதன்பிறகு எங்கள் ஆளைத் தனியே அழைத்துப் பேசினார். அந்த வாரமே வேலைநாள்களில் மட்டும் வீடடையும் நேரம் பதினொரு மணியாக மாற்றப்பட்டது. மீறலாக எழுதப்பட்டிருக்கக்கூடிய ஒன்றை அவர் நிபந்தனையின் குறையாகப் படித்தார். விருப்புரிமை என்பது இப்படிப் பயன்படும்போது அதைவிடச் சிறந்த பொதுச்சேவையைக் கற்பனை செய்வது கடினம்.

எட்டு மாதங்களுக்குப் பின் அந்தப் பெண்மணி வேறு பிரிவுக்கு மாற்றலாகிப் போக, இளைஞர் ஒருவர் அவர் இடத்துக்கு வந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சரக்குக் கணக்கெடுப்புக்காக நாங்கள் எல்லோரும் கிடங்கில் இருந்தோம். மாற்றப்பட்ட நேரம் வேலைநாள்களுக்கு மட்டுமே பொருந்தும் என்பதும், ஞாயிறு வேலைநாளாகக் கணக்கில் வராது என்பதும் எங்களில் யாருக்கும் உறைக்கவில்லை. ஒன்பதே முக்காலுக்கு வீடு திரும்பியவர் மறுநாள் கைதாகி மாவட்டச் சிறைக்குப் போனார். நான் தொலைபேசியில் அழைத்துப் பதிவேட்டைக் காட்டுவதாகச் சொன்னபோது, அதை விசாரணையில் காட்டுங்கள் என்ற பதில்தான் கிடைத்தது. விசாரணை ஏழு வாரம் கழித்து நடந்தது. பதிவேட்டைப் பார்த்ததும் அவரை விடுவித்து மறுபடியும் பரோலில் விட்டார்கள். அந்த ஏழு வாரத்துக்குள் அவர் வாடகைக்கு இருந்த அறை பறிபோய்விட்டது, அறையோடு அவருடைய துணிமணியும் போயிற்று. வேலையை நாங்கள் வைத்திருந்தோம் என்பதால் அது ஒன்று மிஞ்சியது. அதே மனிதர், அதே காரணம், அதே அலுவலகம். மேசைக்குப் பின்னால் இருந்தவர் மட்டும் வேறு.

அந்த இளைஞரைக் கொடியவர் என்று எழுதினால் இந்த மதிப்புரை நேர்மையற்றதாகிவிடும். பின்னாளில் ஒருமுறை தேநீர் கொடுத்து உட்காரவைத்தபோது அவர் சொன்னதை நான் மறக்கவில்லை: தான் பிடித்து உள்ளே அனுப்பியவர்களைப் பற்றி யாரும் தன்னிடம் கேள்வி கேட்டதில்லை, தான் விட்டுவைத்தவர்களில் ஒருவர் யாரையாவது சுட்டுவிட்டால் மறுநாள் நாளிதழில் தன் பெயர் வரும், கோப்பைத் திறந்து ஏன் விட்டாய் என்று கேட்பார்கள் என்றார். ஒருவரைத் தேவையின்றிச் சிறைக்கு அனுப்பிய தவறு சிறைச்சுவருக்குள்ளேயே மறைந்துவிடுகிறது. தகுதியற்ற ஒருவரை விட்டுவைத்த தவறு தெருவில் வெளிப்படுகிறது. பணிக்குப் புதியவராக இருக்கும் எவரும் எந்தப் பக்கம் சாய்வார் என்பதைச் சொல்ல ஆய்வு தேவையில்லை. அந்தப் பெண்மணிக்கு இருபதாண்டு அனுபவமும், தன் தீர்ப்பின்மேல் மேலிடத்துக்கு நம்பிக்கை உண்டு என்ற தைரியமும் இருந்தன.

இரக்கம் எப்போதும் சரி என்றும் நான் சொல்லவரவில்லை. எங்களிடம் மூன்றாவதாக வேலை பார்த்தவர் சிறுநீர்ச் சோதனையில் தொடர்ந்து மூன்று முறை தேறவில்லை. அவருடைய அதிகாரி ஒவ்வொரு முறையும் கண்டித்து அனுப்பினாரேயன்றி வேறெதுவும் செய்யவில்லை. சிகிச்சை மையத்தில் படுக்கை காலியில்லை, சிறைக்கு அனுப்பினால் அங்கே மட்டும் வைத்தியம் நடக்கப்போகிறதா என்பது அவருடைய வாதம். வாதம் தவறில்லை. ஆனால் நாலாம் மாதம் அவரைக் குளியலறையில் மூச்சுப்பேச்சில்லாமல் கண்டெடுத்தவன் நான். உயிர் பிழைத்தார். விட்டுவிடுவதற்கும் கைவிடுவதற்கும் இடையே வெளியே தெரியாத ஒரு கோடு இருக்கிறது. மீறலுக்குச் சிறையைத் தவிர வேறு எதிர்வினை எதுவும் அதிகாரியின் கையில் இல்லாதபோது, அவருடைய விருப்புரிமை இந்த இரண்டுக்கும் நடுவே ஊசலாடுவதாக மட்டும் ஆகிவிடுகிறது.

இதெல்லாம் நீதிமன்றங்களுக்குத் தெரியாததன்று. 1972இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அளித்த மோரிசி எதிர் புரூவர் தீர்ப்பு இன்றளவும் இத்துறையின் அடித்தளம். அயோவா மாநிலத்தில் பொய்க் காசோலை கொடுத்த குற்றத்துக்காகத் தண்டனை பெற்ற மோரிசி, 1968இல் பரோலில் வந்து ஏழு மாதத்தில் மீண்டும் பிடிக்கப்பட்டார். புனைபெயரில் கார் வாங்கியது, அதை அனுமதியின்றி ஓட்டியது, சிறு விபத்துக்குப்பின் முகவரியையும் காப்பீட்டையும் குறித்துக் காவலரிடம் பொய் சொன்னது, புனைபெயரில் கடன் வாங்கியது, இருப்பிடத்தைத் தெரிவிக்காதது என்பனவே அவர்மேல் சொல்லப்பட்டவை. அதிகாரி எழுதிய அறிக்கையின் பேரிலேயே, விசாரணை ஏதுமின்றி, அவர் சிறைக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். தலைமை நீதிபதி வாரன் பர்கர் எழுதிய தீர்ப்பு, அதிகாரியின் விருப்புரிமையை இயல்பானதாகவே ஏற்றுக்கொண்டது. ஒவ்வொரு மீறலும் தானாகச் சிறைக்குக் கொண்டுபோய் விடுவதில்லை, பெரும்பாலும் அறிவுரையோடு முடிகிறது, மீறல் கடுமையானதாகவும் தொடர்வதாகவும் தோன்றினால்தான் அதிகாரி அடுத்த அடி வைக்கிறார் என்று அது கவனித்தது. ‘விரும்பத்தகாதவர்களோடு’ பழகக்கூடாது என்பதுபோன்ற தெளிவற்ற நிபந்தனைகளுக்குள்ளேயே அந்த அதிகாரம் பொதிந்திருப்பதையும் சுட்டிக்காட்டியது. ஆனால் பிடித்த பிறகு, அந்த அதிகாரியல்லாத, வழக்கில் சார்பற்ற ஒருவர் முன்னே விரைவில் முதற்கட்ட விசாரணையும், பின்னர் முழு விசாரணையும் நடந்தாக வேண்டும் என்று விதித்தது. பிடிப்பதா வேண்டாமா என்ற முந்தைய முடிவை நீதிமன்றம் தொடவில்லை. விருப்புரிமையின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து.

விரைவில் என்பதற்கு நியூயார்க் முன்பு கொடுத்திருந்த பொருளைப் பார்த்தால் என் கிடங்கில் வேலை பார்த்தவரின் ஏழு வாரம் சிறியதாகிவிடும். பிடியாணையின் பேரில் பிடித்த 15 நாளுக்குள் முதற்கட்ட விசாரணை, அதில் முகாந்திரம் இருப்பதாகத் தெரிந்தால் அடுத்த 90 நாளுக்குள் இறுதி விசாரணை என்பது பழைய கணக்கு. அதாவது வீடடையும் நேரத்தைத் தவறவிட்டதாகச் சொல்லப்பட்ட ஒருவர், அது உண்மையா பொய்யா என்று முடிவாவதற்கே 105 நாள் வரை உள்ளே இருக்க நேரலாம். பிணையில் விடும் பேச்சுக்கு இடமில்லை. நியூயார்க் நகரத்தில் பிடிபட்டவர்கள் அந்த நாள்களை ரைக்கர்ஸ் தீவுச் சிறையில் கழித்தார்கள். மீறல் மெய்ப்பிக்கப்பட்டால் அதற்குமேல் மாதக்கணக்கில், சிலருக்கு ஓராண்டுக்கு மேலும், மாநிலச் சிறை காத்திருந்தது. அதிகாரியின் ஒரு கையெழுத்துக்கு இவ்வளவு விலை இருந்த காலத்தில், இரக்கமுள்ள அதிகாரிகள்கூட ‘ஒன்றுமில்லை’ என்பதற்கும் ‘நூறு நாள்’ என்பதற்கும் இடையில்தான் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது.

இந்தச் சேவையில் நடந்த உண்மையான மாற்றம் 2021இல் வந்தது. குறைவே நிறைவு என்ற பொருள்படும் பெயர்கொண்ட அந்தச் சட்டத்தில் ஆளுநர் கேத்தி ஹோக்குல் செப்டம்பர் 17ஆம் நாள் கையெழுத்திட்டார். கொள்ளைநோய்க்கால ஆட்பற்றாக்குறையாலும் அடுத்தடுத்த மரணங்களாலும் ரைக்கர்ஸ் சிறை நிலைகுலைந்திருந்த நேரம் அது. சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வரும்வரை காத்திராமல் 191 பேரை உடனே விடுவிக்க ஏற்பாடாயிற்று. 2022 மார்ச் 1 முதல் சட்டம் முழுதாக நடப்பில் இருக்கிறது. புதிய குற்றம் எதுவும் செய்யாமல் நிபந்தனையை மட்டும் மீறுவதை இச்சட்டம் தனியே பிரிக்கிறது. இதைத் தமிழில் நடைமுறை மீறல் எனலாம். அவற்றிலும் ஒரு கூட்டத்துக்குச் சிறையே கிடையாது என்கிறது: வீடடையும் நேரம் தவறுவது, மது அருந்துவது, வேலை மாறியதைத் தெரிவிக்காதது, கட்டணம் கட்டாதது, ஓட்டுநர் உரிமம் பெறுவது, உரிமத்தோடு கார் ஓட்டுவது ஆகியன அதில் அடங்கும். போதைப்பொருள் பயன்பாடும் அப்பட்டியலில் உண்டு. போதையில் வண்டி ஓட்டிய குற்றத்துக்காகத் தண்டனை பெற்றவர்களுக்கு மட்டும் இந்தச் சலுகை பொருந்தாது. எஞ்சிய நடைமுறை மீறல்களில் முதல் இரண்டுக்குச் சிறை இல்லை. மூன்றாவதற்கு அதிகபட்சம் 7 நாள், நான்காவதற்கு 15 நாள், அதற்குமேல் ஒவ்வொன்றுக்கும் 30 நாள். தலைமறைவாவதற்கு மட்டும் முதல் முறையே 7 நாளில் தொடங்குகிறது.

விசாரணையின் கடிகாரமும் மாற்றப்பட்டது. பிடித்த 24 மணி நேரத்துக்குள் உள்ளூர் நீதிமன்றத்தில் நிறுத்தி, காவலில் வைத்தே தீர வேண்டுமா என்று பார்க்க வேண்டும். காவலில் வைத்தால் 5 நாளுக்குள் முதற்கட்ட விசாரணை, 30 நாளுக்குள் இறுதி விசாரணை. இறுதி விசாரணையில் மீறலை மெய்ப்பிக்கத் தெளிவான, ஐயம் தணிக்கும் சான்று வேண்டும் என்று அளவும் உயர்த்தப்பட்டது. இதே சட்டம் இனாமாக ஒன்றையும் கொடுத்தது: மீறலின்றிக் கழியும் ஒவ்வொரு 30 நாளுக்கும் மேற்பார்வைக் காலத்தில் இன்னொரு 30 நாள் கழிக்கப்படும். வாழ்நாள் மேற்பார்வையில் இருப்பவர்களுக்கு இது கிடையாது. தண்டிக்க மட்டுமே தெரிந்திருந்த சேவைக்கு வெகுமதி கொடுக்கவும் கற்றுக்கொடுத்த இந்தப் பகுதி, சட்டத்தைப் பற்றிய சண்டைகளில் அதிகம் பேசப்படுவதில்லை என்பது எனக்கு வியப்பு.

சட்டத்தைப் புகழ்ந்தவர்களும் இகழ்ந்தவர்களும் அது அதிகாரியின் கையைக் கட்டிவிட்டது என்பதில் ஒத்துப்போகிறார்கள். பரோல் அதிகாரிகளின் தொழிற்சங்கம் தங்களிடம் எஞ்சியிருப்பது பல்லில்லாத வாய் என்ற தொனியில் பேசிவருகிறது. பக்கம் பக்கமாகப் படித்துப் பார்த்தால் எனக்கு அப்படித் தெரியவில்லை. நடைமுறை மீறல் என்பதன் இலக்கணத்திலேயே ‘முக்கியமான வகையில்’ என்ற பழைய சொற்றொடர் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. தலைமறைவு என்பதற்குக் கொடுக்கப்பட்டுள்ள விளக்கத்தைப் பாருங்கள்: வேண்டுமென்றே தொடர்பை அறுத்துக்கொண்டு, இருப்பிடம் மாறியதையும் தெரிவிக்காமல் இருக்க வேண்டும், அவரை மீண்டும் தொடர்புகொள்ள அதிகாரி எடுத்த நியாயமான முயற்சிகளும் பலிக்காமல் போயிருக்க வேண்டும். நியாயமான முயற்சி என்றால் என்ன? பழைய எண்ணுக்கு இரண்டு முறை அழைத்துவிட்டுக் கோப்பை மூடுவதும் ஒருவகை முயற்சிதான். அக்கா வீட்டுக்கும் வேலை பார்த்த இடத்துக்கும் மருத்துவமனைக்கும் ஆள் தேடிப்போவதும் முயற்சிதான். பாலியல் குற்றத்துக்காகத் தண்டனை பெற்றவர்கள், அக்குற்றத்தோடு தொடர்புடைய சிறப்பு நிபந்தனையை மீறினால், அது நடைமுறை மீறலாகவே கருதப்படாது என்று ஒரு விலக்கும் இருக்கிறது. அங்கே எந்த நிபந்தனை அக்குற்றத்தோடு நியாயமான தொடர்புடையது என்பதை முதலில் சொல்கிறவரும் கோப்பை எழுதும் அதிகாரிதான். கையைக் கட்டவில்லை, ஓங்கிய கை விழும்போது உண்டாகும் காயத்தைச் சிறிதாக்கியிருக்கிறார்கள். தவறாகவும் பயன்படுத்தப்படக்கூடிய ஓர் அதிகாரத்துக்கு இதைவிட அறிவார்ந்த வரம்பு எனக்குத் தோன்றவில்லை.

மற்ற மாநிலங்கள் வேறு வழிகளை முயன்றன. ஹவாயில் நீதிபதி ஸ்டீவன் ஆல்ம் 2004இல் தொடங்கிய ஏற்பாடு, நன்னடத்தைக் கண்காணிப்பில், அதாவது சிறைக்குப் பதிலாக நீதிமன்றம் நிபந்தனைகளோடு வெளியே விட்டு வைக்கும் முறையில், இருப்பவர்களைப் பொறுத்தவரை விருப்புரிமையையே ஏறத்தாழ ஒழித்துவிட்டது: சோதனையில் தேறாவிட்டால் உடனே, தவறாமல், சில நாள் மட்டும் சிறை. முதலில் கிடைத்த நல்ல முடிவுகளைக் கண்டு நாடே அதன் பின்னால் ஓடியது. ஆனால் ஆர்கன்சா, மாசசூசெட்சு, ஓரிகன், டெக்சஸ் ஆகிய நான்கு மாநிலங்களில் அதே முறையைப் பொருத்திப் பார்த்த ஆய்வு 2016இல் வெளியானபோது, மறுகைதுகளில் மொத்தத்தில் பெரிய வேறுபாடு எதுவும் தென்படவில்லை. வாஷிங்டன் மாநிலம் 2012இல் சிறு மீறல்களுக்கு மூன்று நாள் வரை என்று சுருக்கிக்கொண்டது. கலிபோர்னியா 2013 ஜூலையில் பரோலை ரத்துசெய்யும் பொறுப்பைப் பரோல் வாரியத்திடமிருந்து எடுத்து மாவட்ட நீதிமன்றங்களிடம் கொடுத்தது. வேறு பல இடங்களில் மீறலின் கடுமையை ஒரு பக்கமும் ஆளின் அபாய மதிப்பை இன்னொரு பக்கமும் போட்டுக் கட்டம் கட்டமாக விடை சொல்லும் அட்டவணை ஒன்றை அதிகாரிக்குக் கொடுத்துவிடுகிறார்கள். ஜாதகக் கட்டத்தை நினைவூட்டும் இந்த அட்டவணை சீர்மையைக் கொண்டுவரும் என்பது உண்மை. ஆனால் கட்டத்துக்குள் எந்த மீறலைக் கொண்டுவந்து வைப்பது என்பதை அப்போதும் ஒரு மனிதர்தான் முடிவுசெய்கிறார்.

விலையைப் பற்றிச் சொல்லாமல் எந்த மதிப்புரையும் முழுமையாகாது. மாநில அரசுகளின் நீதித்துறைச் செலவுகளை ஆராயும் மையம் ஒன்று 2019இல் வெளியிட்ட கணக்கின்படி, அமெரிக்க மாநிலச் சிறைகளுக்குள் புதிதாக நுழைவோரில் 45 விழுக்காட்டினர் பரோல் அல்லது நன்னடத்தைக் கண்காணிப்பு நிபந்தனையை மீறியதால் வருகிறவர்கள். அவர்களைச் சிறைகளில் வைத்திருக்க ஆண்டுக்கு 930 கோடி டாலர் செலவாகிறது. அதில் 280 கோடி டாலர் நடைமுறை மீறல்களுக்காக மட்டும். இவ்வளவு பணமும் சட்டமன்றத்தில் விவாதித்து ஒதுக்கப்பட்டது போலத் தோன்றினாலும், அதன் ஒரு பெரும்பகுதி ஆயிரக்கணக்கான மேசைகளில், திங்கட்கிழமைக் காலைகளில், ஒவ்வொரு அதிகாரியும் தனித்தனியே எடுக்கும் முடிவுகளாகச் செலவாகிறது. படுக்கை ஒன்றுக்கு ஆள் காத்திருக்கும் சிகிச்சை மையத்துக்கு அதில் சிறு பங்கு போயிருந்தால் என் குளியலறைக் கதவை நான் உடைக்க வேண்டியிருந்திருக்காது.

ஆகவே நட்சத்திரம் எத்தனை? சட்டத்தின் வடிவுக்கு ஐந்தில் நான்கு போடுவேன். சேவையாக அது வந்து சேரும் விதத்துக்கு மூன்றுக்குமேல் மனம் வரவில்லை. குறைத்த மதிப்பெண்ணுக்குக் காரணம் ஒன்றுதான். பிடித்ததற்குக் கோப்பு இருக்கிறது, விசாரணை இருக்கிறது, வழக்கறிஞர் இருக்கிறார். விட்டதற்கு எதுவும் இருப்பதில்லை. பதிவேட்டைப் பார்த்து நிபந்தனையைத் திருத்திய அந்தப் பெண்மணி ஏன் அப்படிச் செய்தார் என்ற காரணம் இரண்டு வரியில் எழுதப்பட்டு, அடுத்து வந்த இளைஞரின் கண்ணில் படும் இடத்தில் இருந்திருந்தால், ஞாயிற்றுக்கிழமையும் சரக்குக் கணக்கெடுப்பும் சிறைவரை போயிருக்காது. இரக்கத்துக்கும் காரணம் எழுதவைக்கும் சேவையை நான் இன்னும் எங்கும் பார்க்கவில்லை. அப்படி எழுதவைத்தால் இளைய அதிகாரிகளுக்கு அது கேடயமாகவும் இருக்கும்: நாளை ஏதாவது நடந்து ஏன் விட்டாய் என்று கேட்டால், இதோ எழுதியிருக்கிறேன் என்று காட்டலாம்.

பரோலில் உள்ளவர்களை வேலைக்கு வைக்க நினைக்கும் தமிழ்க் கடைக்காரர்களுக்கும் கிடங்குக்காரர்களுக்கும், இச்சேவையின் மூன்றாம் தரப்புப் பயனாளி என்ற முறையில் சில குறிப்புகள். வேலைக்கு எடுத்த முதல் வாரமே நிபந்தனைத் தாளின் நகலை அவரிடம் கேட்டு வாங்கிப் படியுங்கள். வேலைநாள் என்று அதில் எழுதியிருந்தால் சனியும் ஞாயிறும் சேருமா என்று அதிகாரியிடம் எழுத்தில் கேளுங்கள். வேலைநேரப் பதிவேட்டை நிமிடக் கணக்கில் வைத்திருங்கள். நேரம் தாண்டும் என்று தெரிந்தால் தாண்டுவதற்கு முன்பே அதிகாரியின் தொலைபேசியில் குரல்செய்தி விடுங்கள், விட்ட நேரத்தையும் குறித்துவையுங்கள். அதிகாரி மாறினார் என்று தெரிந்த அன்றே, பழைய அதிகாரி மாற்றிக்கொடுத்த நிபந்தனைகளைப் புதியவருக்கு நீங்களே ஒரு கடிதமாக எழுதி அனுப்புங்கள். என் மைத்துனர் இப்போதும் அந்தக் கிடங்கை நடத்திவருகிறார். அலுவலகச் சுவரில், கொள்கலன் வரும் தேதிகளுக்குப் பக்கத்தில், வீடடையும் நேரங்களை எழுதிய இன்னொரு தாளையும் ஒட்டிவைத்திருக்கிறார்.